ஜாண் பன்யனும் அரச மன்னிப்பும்

குற்றம் புரிந்தான் ஒருவன் அதற்கு இரங்கி மன்னிப்பு வேண்டுதல் உலகியல்பு. ஆயின், குற்றமென்று தன் மனச்சான்று கூறாத ஒன்றிற்காகத் தண்டனை பெற்றவன் மன்னிப்பு வேண்டலாமோ? வேண்டுவனேல், செய்யாத குற்றத்தைச் செய்ததாக அவனே ஒப்புக்கொண்டது ஆகாதோ? வேண்டானேல், அவனையே நம்பியிருக்கும் மனைவி மக்களின் நிலை யாதாகும்? இவ்வினாக்கள் ஏட்டளவில் எழுந்தவை அல்ல. பதினேழாம் நூற்றாண்டிலே இங்கிலாந்து தேசத்துப் பெட்போர்டு நகரச் சிறைக்கூடத்தில் இருந்த ஓர் ஏழைக் கன்னாரை இவை பன்னிரண்டு ஆண்டுகள் வாட்டின. அவரே ஜாண் பன்யன் என்பார்.

தமிழ் பயில்வார்க்கு இவர் பெயர் புதிதன்று. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அவர்கள் (1827-1900) பாடி 1894-ம் ஆண்டில் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம், பன்யன் எழுதிய மோட்சப் பிரயாணத்தைத் தழுவி எழுந்த காப்பியமாகும். அக்காப்பியத்தைப் பயிலும் நாம், மூலநூலின் ஆசிரியர் சிறையில் இருந்தவர் என்ற அளவில் அறிந்து அப்பாற் சென்றுவிடுகின்றோம். அவர் எக்குற்றத்திற்காகச் சிறை புகுந்தார், விடுதலை பெற அவருக்கு எவ்வெவ் வழிகள் இருந்தன, அவ்வழிகள் ஏன் அடைபட்டன, முடிவில் மன்னிப்பு எங்ஙனம் வந்தது என்பவற்றை அறிதல் அந்நூலைப் படிப்பார்க்கு ஒரு புதிய ஒளியைத் தரும். ஆதலின் அவர் வரலாற்றை அந்நோக்குடன் இங்கே சுருங்க உரைக்கலாயிற்று.

பிறப்பும் இளமையும்

பெட்போர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628-ம் ஆண்டில் பன்யன் பிறந்தார். தந்தையார் தாமஸ் பன்யன், ஊர் ஊராகச் சென்று ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிடும் கன்னார். தொழில் எளியதேனும் தம் மகன் எழுத்தறிவு பெறவேண்டும் என்று விரும்பிப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே கற்ற சிறிது கல்வியே பிற்காலத்தில் உலகம் போற்றும் நூல்களுக்கு வித்தாயிற்று. 1644-ம் ஆண்டு கோடைக் காலத்தில் ஒரு மாத இடைவெளியில் தாயாரும் தங்கையும் ஒருவர் பின் ஒருவராக இறந்தனர். தந்தையார் விரைவிலேயே மறுமணம் செய்துகொண்டார். அவ்வாண்டே, பதினாறு வயதினரான பன்யன் பாராளுமன்றத்தின் படையிற் சேர்ந்தார். அந்நாளில் அரசனுக்கும் பாராளுமன்றத்திற்கும் பெரும்போர் நடைபெற்றது. நியூபோர்ட் பாக்னெல் என்னும் அரணில் 1647-ம் ஆண்டு வரை காவற்பணி புரிந்து, பின்னர் ஊர் திரும்பித் தந்தையின் தொழிலையே மேற்கொண்டார்.

1649-ம் ஆண்டை ஒட்டி அவருக்கு மணம் நடந்தது. அப்பெண்மணியின் பெயர் வரலாற்றில் இடம் பெறவில்லை. சீதனமாக அவர் கொண்டு வந்தவை தம் தந்தையார் வைத்திருந்த இரண்டு பக்தி நூல்களே. அவ்விரு நூல்களும் பன்யன் உள்ளத்தை அசைத்தன. 1650-ம் ஆண்டில் பிறந்த மூத்த மகள் மேரிக்குப் பிறவியிலேயே கண்பார்வை இல்லை. அக்குழந்தையிடத்து அவர் வைத்த அன்பு அளவற்றது. பின்னர் அவர் சிறையில் இருந்த காலத்து அவரை மிகுதியாக வருத்தியதும் அவ்வன்பேயாகும்.

ஒருநாள் தொழில் நிமித்தம் பெட்போர்டு சென்றவர், ஒரு வீட்டு வாயிலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஏழைப் பெண்டிர் சிலர் கடவுளைப் பற்றி உரையாடக் கேட்டார். தாம் அறியாத ஓர் இன்பத்தை அவர்கள் அறிந்திருந்தனர் என்று உணர்ந்தார். அவர்கள் ஜாண் கிப்போர்டு என்னும் குருவின் சபையைச் சேர்ந்தவர்கள். பல ஆண்டுகள் மனப்போராட்டத்தில் உழன்ற பின்னர்ப் பன்யன் அச்சபையிற் சேர்ந்தார், நாளடைவில் போதிக்கவும் தொடங்கினார். கன்னார் ஒருவர் பேசுகின்றார் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பலர், கண்ணீருடன் திரும்பினர். 1658-ம் ஆண்டில் முதல் மனைவியார் நான்கு குழந்தைகளை விட்டு இறந்தார். அடுத்த ஆண்டில் எலிசபெத்து என்னும் இளம்பெண்ணைப் பன்யன் மணந்தார். இவ்வரலாற்றின் தலைவியும் அவ்வம்மையாரே.

சிறைப்படல்

1660-ம் ஆண்டு மே மாதத்தில் இரண்டாம் சார்லஸ் மன்னர் நாடு திரும்பி அரியணை ஏறினார். அரசாங்கத் திருச்சபைக்குப் புறம்பாகக் கூடி வழிபடுவோர் மீது மீண்டும் ஐயம் பிறந்தது. அத்தகைய கூட்டங்களில் கலகம் விளையும் என அதிகாரிகள் அஞ்சினர். அவ்வாண்டு நவம்பர் 12-ந் தேதி, லோயர் சாம்செல் என்னும் ஊரில் ஒரு பண்ணை வீட்டில் பன்யன் பேச இருந்தார். மாஜிஸ்திரேட்டாகிய பிரான்சிஸ் விங்கேட் என்பார் அவரைப் பிடிக்க ஆணை பிறப்பித்திருந்தார். இச்செய்தி முன்னரே பன்யனுக்கு எட்டியது. கூட்டத்தைக் கலைத்துவிட்டுத் தப்பிச் செல்லுமாறு அவ்வீட்டுடையார் வேண்டினார். பன்யன் வெளியே சென்று சிறிது நேரம் உலவிச் சிந்தித்தார். தலைவனே ஓடுவானேல் பின்வரும் எளியோர் எங்ஙனம் நிற்பர் என்று எண்ணி, உள்ளே திரும்பி வந்து பேச்சைத் தொடங்கினார். தொடங்கிய சிறிது நேரத்திலேயே பிடிபட்டார்.

விங்கேட் அவரை உடனே சிறைக்கு அனுப்ப விரும்பினார் அல்லர். மக்களைக் கூட்டிப் போதிப்பதில்லை என ஒரு வாக்குறுதி தந்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார். பன்யன் இசையவில்லை. நண்பர்களைப் போலப் பேசிய சிலரும் அவரிடம் அதனையே வற்புறுத்தினர். அப்பொழுதும் அவர் இசையவில்லை. வீட்டில் இருந்த இளமனைவியார் அப்போது கருவுற்றிருந்தார். கணவர் பிடிபட்ட செய்தி கேட்ட அதிர்ச்சியால் உரிய காலத்திற்கு முன்னரே நோவு கண்டு, எட்டு நாள் துன்புற்று ஒரு குழந்தையைப் பெற்றார். அக்குழந்தை இறந்தது.

வழக்கும் தீர்ப்பும்

1661-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பெட்போர்டில் காலாண்டு நீதிமன்றம் கூடியது. அம்மாதத்திலேயே லண்டன் மாநகரில் வென்னர் என்பவன் தலைமையில் மதவெறியர் சிலர் கலகம் விளைத்திருந்தமையால், நீதிபதிகளின் மனம் கடினமாயிருந்தது. தலைமை வகித்தவர் சர் ஜாண் கீலிங். எலிசபெத்து அரசியார் காலத்தில் 1593-ம் ஆண்டில் இயற்றிய பழைய சட்டமொன்றே பன்யன் மீது ஏவப்பட்டது. அரசாங்கக் கோயிலுக்கு வாராமையும் சட்டத்திற்கு மாறான கூட்டங்களை நடத்தியமையும் குற்றப் பத்திரிகையிற் கண்டவை.

இங்கே ஒரு நுட்பத்தை நாம் கவனித்தல் வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவன் தான் குற்றவாளி என்றோ அல்லன் என்றோ முறைப்படி விடை கூறவேண்டும். மறுப்பானேல், சாட்சிகளை வைத்து அறங்கூறாயத்தார் முன் வழக்கை நடத்தவேண்டும். பன்யன் வழக்கறிஞர் துணை இல்லாதவர், சட்டமொழி அறியாதவர். தாமும் தம்மவரும் கூடி இறைவனை வேண்டியதும் ஒருவரை ஒருவர் ஊக்கியதும் மெய்யே என்று வெளிப்படையாகக் கூறினார். தாம் குற்றவாளி என்று அவர் ஒருபொழுதும் சொன்னாரல்லர். எனினும் அவ்வுரையையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொண்டனர். மெய்யுரைத்த நாவே அவருக்குத் தளையாயிற்று.

தீர்ப்பு வருமாறு: மூன்று மாதம் சிறையில் இருத்தல் வேண்டும். அதன் முடிவில் கோயிலுக்குச் செல்லவும் போதித்தலை விடவும் இசையாராயின் நாடு கடத்தப்படுவார். அரசன் அனுமதியின்றித் திரும்பி வருவாராயின் தூக்கிலிடப்படுவார். இத்தீர்ப்பைக் கேட்ட பின்னரும், இன்று வெளிவந்தால் நாளையே போதிப்பேன் என்ற கருத்தையே பன்யன் தெரிவித்தார்.

மூன்று மாதம் கழிந்தது. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் நீதிமன்ற எழுத்தர் பால் காப் என்பார் சிறைக்கு வந்து நயமாகப் பேசினார். பெருங்கூட்டங்களை விடுத்துத் தனித்தனியே நண்பர்க்கு அறிவுரை கூறலாமே என்றும், அரசனுக்கு அடங்குதல் கடமையன்றோ என்றும் எடுத்துரைத்தார். பன்யன் மரியாதையுடன் விடையிறுத்தார். சட்டத்திற்கு அடங்கும் வழி இரண்டு என்பது அவர் கொள்கை. மனச்சான்று இடங்கொடுக்கும் இடத்தில் செயலால் அடங்குதல் ஒன்று. இடங்கொடாத இடத்தில், விதிக்கும் தண்டனையை எதிர்க்காது ஏற்றுக்கொள்ளுதல் மற்றொன்று. காப் என்பாரின் அன்புக்கு நன்றி கூறி அனுப்பிவிட்டார்.

முடிசூட்டு மன்னிப்பு

1661-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி சார்லஸ் மன்னர் முடி சூடினார். முடிசூட்டு விழாவில் சிறையோரை விடுவித்தல் பழைய மரபு. தமிழ்நாட்டு மூவேந்தர் காலத்தும் இத்தகைய சிறைவீடு உண்டென்பதைச் சிலப்பதிகாரத்தால் அறிகின்றோம். அம்மரபுப்படி எண்ணிறந்தோர் விடுதலை பெற்றனர். ஆயின் ஒரு வரையறை இருந்தது. வழக்கு முடியாது சிறையில் இருந்தவர் நேரே வெளியேறலாம். குற்றத் தீர்ப்புப் பெற்றவரோ, முடிசூட்டு நாளிலிருந்து ஓராண்டுக்குள் மன்னிப்புப் பத்திரம் வேண்டிப் பெறுதல் வேண்டும். இப்பொழுதுதான் ஜனவரி மாதத்தில் எழுதிய அச்சொற்களின் கொடுமை வெளிப்பட்டது. பன்யன் தீர்ப்புப் பெற்றவர் என்று ஏட்டில் இருந்தமையால் சிறைக்கதவு அவருக்குத் தானே திறக்கவில்லை. அவ்வோராண்டு கழியும் வரையில் அவரை நாடு கடத்தவும் அதிகாரிகள் துணியவில்லை. வெளியும் இல்லை, கடலும் இல்லை, சிறையே நிலையாயிற்று.

அந்நாளில் மன்னிப்புப் பத்திரம் பெறுதல் ஏழைக்கு எளிதன்று. விண்ணப்பம் பல அலுவலகங்களைக் கடந்து, முடிவில் பெருமுத்திரை பெறவேண்டும். ஒவ்வோர் அலுவலகத்திலும் கட்டணம் உண்டு. மன்னனின் கருணை விலையின்றிக் கிடைப்பினும், அக்கருணையை எழுதும் தாளுக்கும் முத்திரைக்கும் பெருவிலை கொடுக்கவேண்டியிருந்தது. பெட்போர்டுச் சிறையில் இருந்த கன்னாருக்கு அத்துணைப் பொருள் ஏது?

மன்னிப்பு வேண்டிய மங்கை

கணவருக்காக எலிசபெத்து அம்மையார் புறப்பட்டார். லண்டன் மாநகரம் சென்று பிரபுக்கள் சபையினர் ஒருவரிடம் விண்ணப்பம் அளித்தார். அவர் மற்றப் பிரபுக்களையும் கலந்து, விடுவிக்கும் அதிகாரம் தம்மிடம் இல்லை என்றும், அடுத்து ஊர்வலம் வரும் நீதிபதிகளிடம் அது விடப்பட்டிருக்கின்றது என்றும் கூறினார். அம்மையார் வெறுங்கையுடன் திரும்பினாலும் மனந்தளரவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் சர் மாத்யூ ஹேல், ட்விஸ்டன் என்னும் இரு நீதிபதிகள் பெட்போர்டுக்கு வந்தனர். அம்மையார் முதலில் ஹேலிடம் விண்ணப்பத்தைக் கொடுத்தார். அவர் அன்புடன் வாங்கிக்கொண்டு, தம்மால் இயன்றதைச் செய்வதாகவும், அது பயன்படாதோ என அஞ்சுவதாகவும் கூறினார். மறுநாள் ட்விஸ்டன் சென்ற வண்டிக்குள் மற்றொரு விண்ணப்பத்தை எறிந்தார். அவரோ சினந்து, பன்யன் தண்டனை பெற்றவர், போதித்தலை விடுவதாக உறுதி தந்தாலன்றி விடுதலை இல்லை என்று கூறிவிட்டார். மூன்றாம் முறை, ஹேல் மன்றத்தில் வீற்றிருந்தபோது அம்மையார் அவர் முன்னர்ச் சென்றார். அங்கிருந்த உள்ளூர் நீதிபதி செஸ்டர் என்பார் இடைமறித்து, பன்யன் முறைப்படி தீர்ப்புப் பெற்றவர், முரடர் என்று உரைக்க, அம்முயற்சியும் வீணாயிற்று.

அம்மையார் சோர்ந்து நின்றபோது அம்மாவட்ட ஷெரீப்பு, நீதிபதிகள் ஊரைவிட்டுப் போகுமுன் இன்னும் ஒருமுறை முயலுமாறு ஊக்கினார். பாலத்தை அடுத்த ஸ்வான் விடுதியின் மேலறையில் இரு நீதிபதிகளும் உள்ளூர்ப் பெருமக்கள் பலரும் கூடியிருந்தனர். பிரபுக்கள் நிறைந்த அவ்வறைக்குள், கல்வியும் செல்வமும் சுற்றமும் துணையில்லாத அவ்விளம்பெண் நடுங்கும் உள்ளத்துடன் நுழைந்தார். மதுரை மன்றத்தில் கண்ணகி நின்ற காட்சி நம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயின் கண்ணகி இறந்த கணவனுக்காக நீதி கேட்டாள். இவ்வம்மையார் உயிரோடிருக்கும் கணவனுக்காக நீதி கேட்டார்.

தம் கணவர் முறைப்படி தீர்ப்புப் பெற்றவர் அல்லர் என்று அம்மையார் வாதிட்டார். கூட்டம் கூடியது மெய்யென அவர் கூறினாரேயன்றிக் குற்றத்தை ஒப்பினார் அல்லர் என்பதைத் தெளிவுற எடுத்துக் காட்டினார். செஸ்டர் என்பாரோ, அஃது ஏட்டில் எழுதப்பட்டுவிட்டது என்பதனையே திரும்பத் திரும்ப உரைத்தார். ஏட்டில் எழுதியதனாலேயே ஒன்று மெய்யாகிவிடுமோ என்பதே அம்மையார் கேட்ட கேள்வியின் கருத்து. ட்விஸ்டன், உன் கணவர் போதித்தலை விடுவாரா என்ற பொருள்பட வினவினார். ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கணவர் அன்று மாலையே வீடு வந்திருப்பார். பேசும் ஆற்றல் உள்ளளவும் அவர் அதனை விடத் துணியார் என்று அம்மையார் விடை கூறினார். பின்னர்த் தம் நிலையை உரைத்தார். நான்கு சிறு குழந்தைகள், அவற்றுள் ஒன்று கண்ணில்லாதது, பிறர் இரங்கி ஈவதன்றி வாழ வேறு வழியில்லை என்றார். தாம் பெற்று இழந்த குழவியைப் பற்றியும் கூறினார். அந்நான்கும் அவர் வயிற்றிற் பிறந்தவை அல்ல என்பதை அறிந்த ஹேல் மனமிரங்கினார். ட்விஸ்டனோ வறுமையை ஒரு போர்வையாக அம்மையார் பயன்படுத்துவதாகக் கடிந்துகொண்டார்.

முடிவில் ஹேல், மூன்று வழிகள் உண்டு என்று விளக்கினார். மன்னரை நேரே அணுகி வேண்டுதல் ஒன்று. முடிசூட்டு அறிக்கையின்படி மன்னிப்புப் பத்திரம் பெறுதல் இரண்டாவது. வழக்கேட்டில் பிழையுண்டு என்று காட்டி, மேல் மன்றம் அதனை ஆராயுமாறு ஆணை பெறுதல் மூன்றாவது. இம்மூன்றனுள் கடைசி வழியே செலவு குறைந்தது என்றும் அறிவுறுத்தினார். அச்சொல்லைக் கேட்ட செஸ்டர் முதலியோர்க்கு முகம் கறுத்தது.

இம்மூன்று வழிகளையும் நாம் சிறிது ஆராய்ந்து பார்த்தல் நலம். முன்னிரண்டும் அருளை நாடுவன. அவற்றில் தீர்ப்பு நின்றபடியே நிற்கும், தண்டனை மாத்திரமே நீங்கும். மூன்றாவது நீதியை நாடுவது. அதில் தீர்ப்பே அழியும். குற்றமற்றவன் விரும்பத்தக்கது மூன்றாவதே. செலவு குறைந்ததும் அதுவே. ஆயினும் அதற்கும் வழக்கறிஞர் துணை வேண்டும், லண்டன் செல்லவேண்டும், பொருளும் வேண்டும். அம்மையாரிடம் அவை ஒன்றும் இல்லை. கண்ணீருடன் அவ்வறையை விட்டு நீங்கினார். அக்கண்ணீரும், தமக்காக விட்டதைக் காட்டிலும், இரக்கமற்ற அம்மனிதர்கள் ஒருநாள் இறைவனுக்குக் கணக்குக் கொடுக்கவேண்டுமே என்று நினைந்து விட்டது மிகுதி என அம்மையார் பின்னர்க் கூறினார். இச்செய்திகளைப் பன்யன் சிறையிலிருந்தே எழுதி வைத்தார். அவர் குடும்பத்தாரிடம் இருந்த அவ்வேடு, அவர் இறந்து எழுபத்தேழு ஆண்டுகட்குப் பின்னர், 1765-ம் ஆண்டிலேதான் அச்சேறியது.

பன்னிரண்டு ஆண்டுகள்

1662-ம் ஆண்டில் நீதிபதிகள் மீண்டும் வந்தபோது, தம் பெயரைக் குற்றவாளிகள் பட்டியலில் சேர்த்துத் தம்மை அவர்கள் முன் நிறுத்துமாறு பன்யன் முயன்றார். தாமே பேசித் தம் வழக்கை விளக்கலாம் என்பது அவர் எண்ணம். சிறைக்காவலரும் இசைந்தார். ஆயின் நீதிமன்ற எழுத்தர் தலையிட்டு அவர் முன்வராதவாறு தடுத்துவிட்டார். பன்யன் மன்னிப்பையோ மறுவிசாரணையையோ கேட்க நாணியவர் அல்லர் என்பதற்கு இதுவே சான்று. விண்ணப்பத்தின் மேல் விண்ணப்பம் அனுப்பினார். அவர் மறுத்தது ஒன்றே: பேசேன் என்று வாக்களித்து வெளிவருதல்.

குடும்பத்தைக் காப்பாற்றச் சிறையிலிருந்தே நாடாக்களுக்கு நுனித்தகடு பூட்டி விற்றார். பன்னூற்றுக் கணக்கில் அவை அவர் கையால் ஆயின. அவரிடம் இருந்த நூல்கள் திருமறையும் இரத்தசாட்சிகளின் வரலாறுமே. அவற்றைக் கற்றும், உடனிருந்த கைதிகளுக்கு எடுத்துரைத்தும் நாட்களைக் கழித்தார். 1666-ம் ஆண்டில் தம் ஆத்தும வரலாற்றை ஒரு நூலாக வெளியிட்டார். அவ்வாண்டில் சில வாரம் வெளிவந்து, பேசத் தொடங்கியதும் மீண்டும் பிடிபட்டார்.

அவர் உள்ளம் கல்லாயிருந்தது என்று எவரும் கருதற்க. மனைவி மக்களைப் பிரிந்த துயரை, அதிலும் கண்ணில்லாத மகள் குளிரிலும் பசியிலும் தடுமாறுவாளே என்ற எண்ணத்தை, அவர் தம் நூலில் மறையாது எழுதியிருக்கின்றார். தாம் செய்வது முறையோ, மக்களைத் தவிக்கவிடுதல் பாவமன்றோ என்று பல இரவுகள் கலங்கினார். இவ்விடத்தில் படிக்கும் நமக்கும் ஓர் ஐயம் எழாமற் போகாது. ஒரு சொல்லைக் கொடுத்து ஒரு குழந்தையைக் காத்திருக்கலாகாதோ? இவ்வையத்தை எளிதில் தீர்த்துவிடுதல் இயலாது. ஒன்று மாத்திரம் துணிந்து கூறலாம். விலை யாதென்று அறியாமல் பன்யன் மறுக்கவில்லை. அவ்விலையைத் தம்மொடு சேர்ந்து சுமந்த மனைவியாரும், ஸ்வான் விடுதியில் அவருக்காக அதே விடையைத்தான் கூறினார்.

பெருமுத்திரை

1672-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில், சிறையில் இருக்கும்பொழுதே, பெட்போர்டு சபையார் பன்யனைத் தம் குருவாகத் தேர்ந்தனர். மார்ச்சு 15-ந் தேதி மன்னர், திருச்சபைக்குப் புறம்பானோரும் அனுமதி பெற்றுக் கூடி வழிபடலாம் என்று அறிக்கை விடுத்தார். பன்யனும் உடனிருந்த ஐவரும் மன்னரின் ஆலோசனைச் சபைக்கு விண்ணப்பம் அனுப்பினர். மே மாதம் 8-ந் தேதி அஃது எடுத்துக்கொள்ளப்பட்டது. மறுநாளே பன்யனுக்குப் போதிக்கும் உரிமைச்சீட்டும் கிடைத்தது. பேசியதற்காகச் சிறைப்பட்டவர் பேசுவதற்கு அரசாங்கச் சீட்டுப் பெற்றார்!

எனினும் பழைய தீர்ப்பு ஏட்டில் நின்றது. அதனை நீக்கப் பெருமுத்திரையிட்ட மன்னிப்பு வேண்டியிருந்தது. இவ்விடத்தில் எதிர்பாராத ஒரு வாயிலாக உதவி வந்தது. குவேக்கர் என்னும் கூட்டத்தார் பலர் நாடெங்கும் சிறையில் இருந்தனர். அவர்களுள் ஜார்ஜ் ஒயிட்ஹெட் என்பார் மன்னரை அணுகி, தம்மவர்க்கு மன்னிப்பு வேண்டினார். மன்னர் இசைந்தார். ஆயின் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பத்திரமெனில் கட்டணம் மலைபோல் ஆகும். ஒயிட்ஹெட் மீண்டும் வேண்ட, பலர் பெயரையும் ஒரே பத்திரத்தில் அடக்கி ஒருவர்க்குரிய கட்டணமே வாங்குமாறு மன்னர் ஆணையிட்டார். இதனை அறிந்த பிற கூட்டத்தார், தம் சிறையோரையும் அப்பட்டியலிற் சேர்க்குமாறு வேண்டினர். ஒயிட்ஹெட் மறுத்தாரல்லர். 1672-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி முத்திரை பெற்ற அப்பத்திரத்தில் 491 பெயர்கள் இருந்தன. பெட்போர்டுச் சிறையோர் வரிசையில் ஜாண் பன்யன் பெயரும் இருந்தது.

பன்யன் 1656-ம் ஆண்டில் எழுதிய முதல் நூலே குவேக்கர் கொள்கையைக் கடுமையாக மறுத்த நூல். யாரை எதிர்த்து அவர் எழுதுகோல் எடுத்தாரோ, அவர்கள் பெற்ற பத்திரத்திலேயே அவருக்கும் மன்னிப்புக் கிட்டியது. பதினோராண்டுகட்கு முன்னர் எலிசபெத்து அம்மையாரிடம் இல்லாதிருந்த கட்டணமும் இங்ஙனம் தீர்ந்தது. இனிப் பேசேன் என்ற உறுதியை எவரும் கேட்கவில்லை. மன்னிப்பு வந்தது, விலை கேளாமல் வந்தது. ஆயினும் 1661-ம் ஆண்டுத் தீர்ப்புப் பிழையென்று எந்த மன்றமும் கூறவில்லை என்பதையும் மறத்தலாகாது. அருள் கிடைத்தது, நீதி கிடைக்கவில்லை.

அருளின் எல்லை விரைவில் வெளிப்பட்டது. மன்னிப்புச் சென்ற காலத்துக் குற்றத்தையே நீக்கும், வருங்காலத்தைக் காவாது. அடுத்த ஆண்டே மன்னர் தம் அறிக்கையைத் திரும்பப் பெற்றார். பன்யன் 1676-ம் ஆண்டு இறுதியில் மீண்டும் சிறை புகுந்து ஏறக்குறைய ஆறு மாதம் இருந்தார். நண்பர் பிணைநிற்க 1677-ம் ஆண்டில் விடுதலை பெற்றார். அடுத்த ஆண்டில், 1678-ல், மோட்சப் பிரயாணம் வெளிவந்தது. அதில் மாயாபுரிச் சந்தையில் நடைபெறும் பொய் வழக்கைப் படிப்பார்க்கு, அந்நீதிபதியின் குரல் எங்கே கேட்ட குரல் என்பது இப்பொழுது விளங்கும்.

இறுதி நாட்கள்

பின்வந்த பத்தாண்டுகளில் பன்யன் பல நூல்கள் எழுதினார். லண்டனில் அவர் பேசுகின்றார் எனின் ஆயிரக்கணக்கானோர் கூடினர். எனினும் சிறையச்சம் முற்றும் நீங்கவில்லை. 1685-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தம் உடைமை யாவற்றையும் எலிசபெத்து அம்மையார் பெயருக்கு எழுதி வைத்தார். மறுபடியும் தாம் பிடிபட்டால் அம்மையார் மீண்டும் பிறர் ஈகையை எதிர்நோக்கலாகாது என்பது அவர் கருத்தாதல் வேண்டும்.

1688-ம் ஆண்டு கோடையில் ஓர் இளைஞன் அவரிடம் வந்தான். தன் தந்தையார் தன்மீது சினந்து தன்னை விலக்கப் போகின்றார் என்றும், தனக்காக மன்னிப்பு வேண்டித் தருமாறும் கேட்டான். பன்யன் குதிரையேறி ரெடிங் நகருக்குச் சென்று, அத்தந்தையிடம் பேசி மகனை மன்னிக்கச் செய்தார். அங்கிருந்து லண்டன் செல்லும் வழியில் பெருமழையில் நனைந்தார். காய்ச்சல் கண்டது. ஆகஸ்டு 31-ந் தேதி, ஸ்ட்ரட்விக் என்னும் மளிகை வணிகர் இல்லத்தில் உயிர் நீத்தார். பன்ஹில் பீல்ட்ஸ் இடுகாட்டில் அவர் உடல் அடங்கியது. அடுத்த ஆண்டில், 1689-ல், அவர் போன்றார் தடையின்றிக் கூடி வழிபடுவதற்குச் சட்டம் பிறந்தது. அவர் சிறையிருந்து காத்த உரிமை, அவர் இறந்த பின்னர் நாட்டுக்கு உரிமையாயிற்று.

தமக்காக மன்னிப்பு வேண்டிப் பன்னிரண்டாண்டு காத்திருந்த ஒருவர், பிறனொருவனுக்காக மன்னிப்பு வேண்டச் சென்று அதனைப் பெற்றுக்கொடுத்து அப்பயணத்திலேயே இறந்தார் என்பது எண்ணுந்தோறும் உள்ளத்தை உருக்குவதாம். மன்னிப்பு வேண்டுதல் இழிவன்று என்பதும், பொய்யை விலையாகக் கொடுத்து அதனைப் பெறுதலே இழிவு என்பதும் இவ்வரலாற்றால் விளங்கும். இன்றும் விண்ணப்பத் தாளொன்றைக் கையிலேந்தி, கச்சேரி வாயில்களில் காத்து நிற்கும் ஏழைப் பெண்டிர் பலர் உளர். கல்லூரியை விட்டு நீங்கி நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் அமரப்போகும் மாணவ அன்பர்கள், அத்தாளை வாங்கும்போது ட்விஸ்டனாய் இராமல் ஹேலாயேனும் இருத்தல் வேண்டும். ஹேலினும் ஒருபடி மேலாக, வழியைச் சொல்வதோடு அமையாது, அவ்வழியில் உடன் சென்று துணைநிற்பாராயின், அதுவே எலிசபெத்து அம்மையார்க்கு நாம் செய்யும் கைம்மாறாகும்.